டெர்ரியின் பிஷப் ஃபிரெடரிக் ஹார்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலிக்கன் சபையில் கெட்ட பெயர் வாங்கிய பிஷப்புகள் என்று பேச்சு எடுத்தால், அயர்லாந்தின் டெர்ரி மறைமாவட்டத்தை 35 ஆண்டுகள் கையில் வைத்திருந்த ஃபிரெடரிக் அகஸ்டஸ் ஹார்வியின் பெயர் வராமல் போகாது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி உண்மை, பாதி ஊர் வாய். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தப் பக்கம்.

ஹார்வி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1730 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர். அப்பா ஜான், ஹார்வி பிரபு. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தவர். அம்மா மோலி லெப்பெல், அழகுக்கும் அறிவுக்கும் பேர்போனவர். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் உள்ள இக்வொர்த் இவர்களுடைய பூர்வீகப் பண்ணை. ஃபிரெடரிக் மூன்றாவது மகன். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியிலும் படித்தார். 1752-இல் எலிசபெத் டேவர்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1754, 1755 ஆண்டுகளில் குருப்பட்டம் பெற்றார். 1767-இல் அயர்லாந்தின் குளோயின் மறைமாவட்டத்துக்கு பிஷப், 1768-இல் டெர்ரி பிஷப். மூத்த அண்ணன்கள் இருவரும் சட்டப்படியான வாரிசு இல்லாமல் இறந்ததால் 1779 டிசம்பரில் பிரிஸ்டலின் நான்காம் எர்ல் (குடும்ப வழியில் வரும் பிரபுப் பட்டம்) ஆனார். அதனால்தான் ‘எர்ல்-பிஷப்’ என்ற பெயர். 1803 ஜூலை 8 அன்று இத்தாலியில் இறந்தார்.

ஒரே ஆள் இரண்டு பதவியும் வகித்ததால், அயர்லாந்துப் பிரபுக்கள் சபையில் பிஷப்பாகவும் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் எர்லாகவும் உட்கார அவருக்கு உரிமை இருந்தது.

அயர்லாந்துச் சபை ஆங்கிலிக்கன் சபைதானா?

ஆம். அந்தக் காலத்தில் அதுதான் அயர்லாந்தின் அரசு மதம். ஆனால் நாட்டு மக்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள். வடக்கில் ஸ்காட்லாந்து வழிவந்த பிரெஸ்பிடீரியன்கள் (பிஷப் பதவி இல்லாத புராட்டஸ்டன்ட் சபையினர்) நிறைய இருந்தார்கள். இந்தச் சபைக்கு வராத குடியானவர்களும் விளைச்சலில் இதற்குத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கட்ட வேண்டும். ஹார்வியின் நல்லது கெட்டது இரண்டையும் எடைபோட இந்தப் பின்னணி வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே பேராயர் என்று சொல்லும் பதவியைத்தான் இங்கே பிஷப் என்கிறோம். சென்னை, திருநெல்வேலி ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்கள் 1947-இல் சி.எஸ்.ஐ.-யில் சேர்ந்தவை.

அவருக்கு பிஷப் பதவி எப்படிக் கிடைத்தது?

அண்ணனால். மூத்த அண்ணன் ஜார்ஜ், இரண்டாம் எர்ல், 1766-இல் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியில் இருப்பவர் கையில் சபை நியமனங்களும் இருந்தன. 1767 தொடக்கத்தில் குளோயின் காலியானதும் தம்பிக்குக் கொடுத்தார். அண்ணன் அயர்லாந்து மண்ணை மிதிக்காமலேயே பதவியைவிட்டு விலகினார். தம்பி மட்டும் அங்கே நிலைத்தார். அடுத்த ஆண்டே, குளோயினைவிடப் பல மடங்கு வளமான டெர்ரி கிடைத்தது.

அந்தச் செய்தி வந்தபோது ஹார்வி குளோயின் மாளிகைத் தோட்டத்தில் குருமார்களோடு பச்சைக்குதிரை தாண்டிக்கொண்டிருந்தார் என்றும், “உங்கள் எல்லாரையும்விட நான்தான் அதிகத் தூரம் தாண்டிவிட்டேன், குளோயினிலிருந்து டெர்ரிக்கு” என்ற பொருளில் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. ஆளுக்குப் பொருத்தமான கதை, ஆனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்ரியில் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

பிஷப்பின் சொத்து பெரும்பாலும் நிலம். அதை அவர் விற்க முடியாது. சட்டப்படி 21 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். நடைமுறை இப்படி இருந்தது. குத்தகைதாரர் பிஷப்புக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டுவார். அதே நிலத்தைப் பல மடங்கு அதிக வாடகைக்கு உள்குத்தகை விடுவார். ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பழைய குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக 21 ஆண்டு எழுதி வாங்குவார். அந்தப் புதுப்பிப்புக்கு பிஷப் கையில் மொத்தமாக ஒரு தொகை வைக்க வேண்டும். பிஷப்பின் உண்மையான வருமானம் இந்தப் புதுப்பிப்புப் பணம்தான்.

இதில் பேரம் எங்கே? பிஷப் புதுப்பிக்க மறுத்தால் குத்தகை 21 ஆண்டில் முடிந்துவிடும், நிலம் கைமாறும். எழுபது வயது பிஷப்பால் அப்படி மிரட்ட முடியாது. 21 ஆண்டு அவர் இருக்கப்போவதில்லை என்பது குத்தகைதாரருக்குத் தெரியும், அதனால் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஹார்வி டெர்ரிக்கு வரும்போது வயது 37. அவரால் காத்திருக்க முடியும். அவர் நிலத்தின் உண்மையான மதிப்பைக் கணக்கிட்டுப் புதுப்பிப்புத் தொகையை ஏற்றினார். அவர் வந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 பவுண்டாக இருந்த டெர்ரி வருமானம், அவர் காலத்தில் 20,000 பவுண்டை நெருங்கியது. அயர்லாந்து முழுவதும் நில மதிப்பு உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

1779-க்குப் பிறகு எர்ல் சொத்தின் வருமானமும் சேர்ந்தது. அதுவும் ஏறத்தாழ 20,000. ஒரு கிராமத்து உதவிக் குரு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு அளவில் வாழ்க்கை நடத்திய காலம் அது. இதோடு ஒப்பிட்டால்தான் அந்தத் தொகையின் கனம் புரியும்.

பெண்கள் விவகாரம் உண்மையா?

மூன்று பெயர்கள் அடிபடும். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஃபிரைட்ஸ்வைட் மஸ்ஸெண்டன். ஹார்வியின் உறவுக்காரப் பெண், திருமணமானவர், ஹார்வியைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவர். இருவரையும் சேர்த்து டப்ளின் பத்திரிகையில் வம்பு வந்தது. 1785-இல் 22 வயதிலேயே அந்தப் பெண் இறந்துபோனார். அப்போது ஹார்வி கடற்கரையில் தன் மாளிகை இருந்த டவுன்ஹில் என்ற இடத்தில், பாறை விளிம்பில் கட்டிக்கொண்டிருந்த வட்ட மண்டபத்துக்கு அவர் பெயர் வைத்தார். அதுதான் இன்றும் நிற்கும் மஸ்ஸெண்டன் கோயில். பாசம் இருந்தது உறுதி. அதற்கு மேல் எதுவும் நிரூபணம் ஆனதில்லை. ஒரு பெண்ணின் பெயர் பத்திரிகையில் இழுபட்டு, மறுப்பதற்குள் அவர் உயிரே போய்விட்டது. இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

இரண்டாவது, லிஷ்டெனாவ் சீமாட்டி. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியமின் ஆசைநாயகி. 1790-களின் நடுவில் இத்தாலியில் ஹார்வி இவரோடு வெளிப்படையாகச் சுற்றினார், கடிதத்தில் குழைந்தார். அதோடு நிற்காமல், அந்தச் சீமாட்டிக்கும் மன்னருக்கும் பிறந்த மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கவும் முயன்றார். பெரிய சீர்வரிசை வரும் என்ற கணக்கு. மகன் மறுத்துவிட்டார். இதற்குக் கடித ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது, எம்மா ஹாமில்டன். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டனின் மனைவி. ஹாமில்டன் ஹார்வியின் பள்ளித் தோழர். வீட்டுக்கு வந்துபோகும் நண்பர், சபை நாகரிகம் பார்க்காமல் பேசுபவர் என்பதுவரை சரி. அதற்கு மேல் போவது கற்பனை.

மனைவியோடு ஏன் பிரிந்தார்?

1782-இல் இக்வொர்த்தில் இருவரும் ஒரு நாள் வண்டியில் உலாவப் போனார்கள். திரும்பி வந்தபோது பேச்சு முறிந்திருந்தது. முப்பது ஆண்டு மணவாழ்க்கை. வண்டியில் என்ன நடந்தது என்பதை இருவருமே வெளியில் சொல்லவில்லை. அதன்பின் சேர்ந்து வாழவேயில்லை. எலிசபெத் 1800-இல் இக்வொர்த்தில் இறந்தார்.

பிள்ளைகளிடம் அவர் நடந்துகொண்ட விதம்தான் இதைவிட வருத்தம். மகள் எலிசபெத்தை 1776-இல் ஜான் ஃபாஸ்டர் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மணம் முறிந்தது, கணவன் இரண்டு மகன்களையும் தன்னோடு வைத்துக்கொண்டான். 14 ஆண்டுகள் அவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. ஆண்டுக்குப் பல்லாயிரம் பவுண்டு வரும் அப்பா, கையில் காசில்லாமல் நின்ற மகளுக்குக் கைகொடுத்தது மிகக் குறைவு. அவள் டெவன்ஷர் பிரபு வீட்டில் ஒண்டினாள், பிரபுவின் காதலி ஆனாள், கடைசியில் 1809-இல் அவருடைய இரண்டாம் மனைவியும் ஆனாள். ஊர் அவளை ஏசியது. அவளை அந்த நிலைக்குத் தள்ளியதில் அப்பாவின் பங்கைக் கேட்டவர்கள் குறைவு. இன்னொரு மகள் லூயிசா, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான லிவர்பூல் பிரபுவை 1795-இல் மணந்தார்.

குருமார்களைக் கடற்கரையில் பந்தயம் ஓடவிட்டாராமே?

இணையத்தில் அதிகம் சுற்றும் கதைகள் நான்கு.

ஒன்று, காலியான பங்கை (ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் ஊர்ச் சபையை) யாருக்குத் தருவது என்று தீர்மானிக்க, குருமார்களை டவுன்ஹில் மணலில் பந்தயம் விட்டார், வென்றவருக்கே பங்கு. சிலர் குதிரையில் என்பார்கள், சிலர் விருந்துக்குப் பிறகு சேற்று நிலத்தில் கால்நடையாக என்பார்கள். இரண்டு, விருந்தாளிகள் அறை வாசலில் இரவு மாவு தூவி, யார் எந்த அறைக்குப் போனார் என்று காலையில் கால்தடம் பார்த்தார். மூன்று, சியெனா நகரில் மணிச்சத்தம் பிடிக்காமல், கீழே போன நற்கருணைப் பவனி மீது ஜன்னலிலிருந்து ஒரு பாத்திரம் பாஸ்தாவைக் கொட்டினார். நான்கு, மறைமாவட்டத்துக்குத் திரும்பி வரச் சொல்லி மற்ற பிஷப்புகள் எழுதியபோது, ஊதிய தோல்பையில் மூன்று பட்டாணியைப் போட்டுப் பதிலாக அனுப்பினார், ஆட்டினால் சத்தம் மட்டும் வரும் என்று.

இவற்றில் எதற்கும் அந்த நாளில், அந்த இடத்தில் இருந்தவர் எழுதிய பதிவு இல்லை. பந்தயக் கதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இடமும் முறையும் மாறுவதே அது வாய்வழி வளர்ந்தது என்பதற்கு அடையாளம். டெர்ரியில் அவருடைய நியமனங்களைப் பார்த்தால் படம் வேறு. அந்த மறைமாவட்டத்திலேயே நெடுநாள் உழைத்த குருமார்களுக்கு முன்னுரிமை தந்தார், வயதாகித் தளர்ந்த குருமார்களுக்கு நிதி ஏற்பாடு செய்தார். இங்கிலாந்திலிருந்து ஆள் இறக்கும் வழக்கம் பரவலாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் அவர் நல்லவர், எல்லாம் பொய்ப் பிரசாரம் என்கிறீர்களா?

இல்லை. உண்மையான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது, அதைக் கிசுகிசு மறைத்துவிடுகிறது. 1790-களின் தொடக்கத்தில் அயர்லாந்தைவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் டெர்ரி விவசாயியின் நிலத்திலிருந்து வந்த பணம் இத்தாலியில் சிலைகளாகவும் ஓவியங்களாகவும் மாறியது. இதற்கிடையில் 1798-இல் அயர்லாந்தில் பெரும் கிளர்ச்சி வெடித்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அப்போதும் டெர்ரியின் பிஷப் அங்கே இல்லை. மேய்ப்பன் ஊரில் இல்லாதது மாவுக் கால்தடத்தைவிடப் பெரிய அவமானம்.

அவரைப் பதவிநீக்கம் செய்திருக்க முடியாதா?

பிஷப் பதவி ஆயுளுக்கும். விசாரணை வைத்து நீக்க வழி இருந்தாலும், மறைமாவட்டத்தில் இல்லை என்பதற்காக ஒரு எர்லை யாரும் கூண்டில் ஏற்றத் துணியவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரே அவரைப் பொல்லாத பிஷப் என்று திட்டியவர்தான். திட்டியதோடு சரி. ஊரில் இல்லாமல் வருமானம் வாங்கும் குருமார் அன்றைய சபையில் ஏராளம். ஒருவரைத் தொட்டால் எல்லோரையும் தொட வேண்டும்.

1783-இல் அவர் புரட்சி செய்யப் பார்த்தாரா?

அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது அயர்லாந்தில் தன்னார்வப் படைகள் உருவாயின. பிரெஞ்சுப் படையெடுப்பைத் தடுக்கத் தொடங்கியவை, பிறகு நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்கும் ஆயுதமேந்திய அமைப்பாக மாறின. 1783 நவம்பர் 10 அன்று டப்ளினில் அவற்றின் மாநாடு கூடியது. டெர்ரி நகரம் உள்ள லண்டன்டெர்ரி மாவட்டத்தின் பிரதிநிதியாக ஹார்வி போனார். போன விதம்தான் பேச்சாயிற்று. ஆறு குதிரை பூட்டிய திறந்த வண்டி, ஊதா உடை, பொன் குஞ்சம், முன்னும் பின்னும் குதிரைவீரர்கள். அந்தக் காவல் படைக்குத் தலைமை அவருடைய அக்காள் தங்கை வழி மருமகன் ஜார்ஜ் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். இந்த ஆள் கைகலப்புக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் பேர்போனவர், 1786-இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

உடை பற்றிய விவரங்கள் பெரும்பாலும் ஜோனா பேரிங்டன் என்ற ஐரிஷ் நினைவுக் குறிப்பு எழுத்தாளர் பல ஆண்டுகள் கழித்து எழுதியவை. அவர் சுவைக்காகக் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவர், அதனால் பொன் குஞ்சத்தின் நீளத்தை நம்ப வேண்டாம். ஊர்வலம் நடந்தது உண்மை. தலைமை தனக்குக் கிடைக்கும் என்று ஹார்வி எதிர்பார்த்தார். மிதவாதியான சார்ல்மான்ட் பிரபுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹார்வி கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். மாநாடு அதை ஏற்கவில்லை. மாநாட்டின் சீர்திருத்த மசோதாவை நாடாளுமன்றமும் நிராகரித்தது. அவரைக் கைது செய்யலாமா என்று அரசு யோசித்தது, கடைசியில் செய்யவில்லை.

கத்தோலிக்கர்களுக்காக உண்மையில் என்ன செய்தார்?

இதுதான் அவர் வாழ்க்கையின் நல்ல பகுதி. மற்றவர்கள் பேசவே தயங்கிய காலத்தில் அவர் பேசினார். 1774-இல், கத்தோலிக்கர்கள் தங்கள் விசுவாசத்தை மறுதலிக்காமல் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வழிசெய்யும் சட்டம் அயர்லாந்தில் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஹார்வி முக்கியமானவர். பிற்கால உரிமைகள் பல இந்த உறுதிமொழியைப் பிடித்தே வந்தன. 1778 சட்டம் கத்தோலிக்கர்கள் 999 ஆண்டுவரை குத்தகை எடுக்க அனுமதித்தது, அந்த உறுதிமொழியை எடுத்தவர்களுக்கு.

டவுன்ஹில் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஆலயம் இல்லாததால், மஸ்ஸெண்டன் கோயிலின் கீழறையில் பூசை நடத்த இடம் தந்தார் என்பதும் அந்தப் பகுதியில் தலைமுறையாகச் சொல்லப்படுவது. தசமபாகத்தை வேறு ஏற்பாட்டால் மாற்ற வேண்டும் என்றும் வாதாடினார், அதைப் பெறும் சபையின் பிஷப்பாக இருந்துகொண்டே.

1775-இல் டெர்ரி வந்த மெதடிஸ்ட் சபை நிறுவனர் ஜான் வெஸ்லி, ஹார்வியின் பிரசங்கத்தைக் கேட்டு, அவர் திருவிருந்து நடத்திய பக்தியைத் தன் நாட்குறிப்பில் பாராட்டியிருக்கிறார். வெஸ்லி லேசில் பாராட்டுபவர் அல்ல.

அவர் கட்டிய கட்டிடங்கள் ஏன் ஒன்றும் சரியாக முடியவில்லை?

வேகம், வட்ட வடிவ மோகம், இடத் தேர்வு. மூன்றும் சேர்ந்து கெடுத்தன. ஒவ்வொன்றாக:

டெர்ரியின் புனித கொலம்ப் பேராலயம். 1778 வாக்கில் இருந்த கோபுரத்தை 21 அடி உயர்த்தி, மேலே எண்கோணக் கூர்முனை வைத்தார். மொத்த உயரம் 221 அடி. 17ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தின் மேல் இத்தனை பாரம் ஏற்றியதன் பலன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. சுமார் இருபது ஆண்டில் இறக்கிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

டவுன்ஹில். 1770-களின் நடுவில் தொடங்கியது, கார்க் நகரின் மைக்கேல் ஷானஹன் பொறுப்பில். அட்லாண்டிக் காற்று நேராக அறையும் மொட்டைப் பாறைத் திடலில் மாளிகை. காட்சி அபாரம், குடியிருக்க இம்சை. அண்ணன் ஜார்ஜுக்காக அங்கேயே எழுப்பிய நினைவு மண்டபத்தின் மேல் பகுதி 1839-இன் பெரும்புயலில் பறந்துபோனது. மாளிகை 1851-இல் தீப்பிடித்தது, 1870-களில் திரும்பக் கட்டினார்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பின் கைவிட்டுக் கூரையைக் கழற்றினார்கள். இப்போது சுவர்கள் மட்டும்.

பாலிஸ்கலியன். 1787-இல் பெக் ஏரிக்குப் பக்கத்தில் தொடங்கிய வட்ட மாளிகை. முடியவேயில்லை. 1813-இல் இடித்தார்கள். அதன் முன்மண்டபத் தூண்கள் பெல்ஃபாஸ்டின் புனித ஜார்ஜ் ஆலயத்துக்குப் போயின, இன்றும் ஹை ஸ்ட்ரீட்டில் பார்க்கலாம்.

இக்வொர்த். 1795-இல் தொடங்கியது. ரோமைச் சேர்ந்த மாரியோ அஸ்ப்ரூச்சியின் வரைபடம், சாண்டிஸ் சகோதரர்கள் கையில் வேலை. நடுவில் நூறடிக்கு மேல் உயரும் நீள்வட்டக் குவிமாடக் கட்டிடம், இரண்டு பக்கமும் வளைந்த தாழ்வாரம், அவற்றின் முனையில் இரண்டு பக்கக் கட்டிடங்கள். பக்கக் கட்டிடங்களில் ஓவியமும் சிற்பமும் வைப்பது திட்டம். வேலை தொடங்கிய பிறகு ஹார்வி அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, எல்லாம் இத்தாலியிலிருந்து கடிதத்தில். வட்டக் கட்டிடத்தில் குடியிருப்பதன் சிக்கலும் அங்கே தெரியும்: உள்ளே பிறை வடிவ மூலைகள் வீணாகும், நேரான அலமாரி வளைந்த சுவரில் ஒட்டாது. 1803-இல் வேலை நின்றது. மகன், ஐந்தாம் எர்ல், 1829 வாக்கில்தான் குடியேறும் அளவுக்கு முடித்தார். மேற்குப் பக்கக் கட்டிடத்தின் உள்புறம் 21ஆம் நூற்றாண்டுவரை வெறும் கூடாகவே கிடந்தது.

பயன்பட்டவையும் உண்டு. ஃபாய்ல் ஆற்றின் மேல் டெர்ரிக்கு ஒரு பாலம் வேண்டும் என்று இருபது ஆண்டு விடாமல் கேட்டவர் அவர். சுவிட்சர்லாந்தின் மரப்பாலத் தச்சர் குரூபன்மானிடம் மாதிரிகூடச் செய்யச் சொன்னார். கடைசியில் பாஸ்டன் நகர லெமுவல் காக்ஸ் 1790 வாக்கில் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான மரப்பாலத்தைக் கட்டினார். அதுவரை படகுதான். பினெவனா மலைமேல் அவர் போட்ட சாலைக்கு இன்றும் ‘பிஷப் ரோடு’ என்றே பெயர்.

மஸ்ஸெண்டன் கோயிலில் உள்ள கல்வெட்டு என்ன சொல்கிறது?

குவிமாடத்துக்குக் கீழே சுற்றிலும் லத்தீன் எழுத்துகள். ரோமானியக் கவி லுக்ரீஷியஸின் வரி: பெருங்கடலில் காற்று நீரைக் கலக்கும்போது, கரையில் நின்று பிறன் படும் பெரும்பாட்டைப் பார்ப்பது இனிது. அலை மோதும் பாறை உச்சியில் இதைச் செதுக்கியதால், மனிதர் மூழ்குவதை ரசித்த பிஷப் என்று சொல்லிவிட்டார்கள். கவிதையில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். பிறர் துன்பம் இன்பம் என்பதால் அல்ல, எந்தத் துன்பங்களிலிருந்து நாம் தப்பியிருக்கிறோம் என்று காண்பதால் இனிது என்று அது தொடர்கிறது. கல்லில் இடம் பிடித்தது முதல் பாதி மட்டும். ஆனால் தெய்வம் உலகில் தலையிடாது என்று பாடிய கவியை ஒரு பிஷப் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக அன்று புருவம் உயர்ந்திருந்தால் அதில் நியாயம் உண்டு.

உள்ளே இருந்தது நூலகம். கடல் ஈரத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கீழறையில் எப்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

எரிமலையில் அடிபட்டாரா?

ஆம். 1766-இல் நேப்பிள்ஸ் போனபோது வெசூவியஸ் சீறிக்கொண்டிருந்தது. மிகப் பக்கத்தில் போய், தெறித்த கல் கையில் பட்டுக் காயமானார். அதிலிருந்து பாறை ஆராய்ச்சியில் ஈடுபாடு வந்தது. டெர்ரிக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே பாறைத் தூண்கள் எரிமலையால் உண்டானவை என்று, அது இன்னும் சர்ச்சையாக இருந்த காலத்தில் வாதாடினார். 1771-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்பெர்டோ ஃபோர்டிஸோடு டால்மேஷியா கரையில் பயணம் செய்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஏன் சிறையில் போட்டார்கள்?

1798-இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்தது. ஹார்வி ரோமில் சேர்த்து வைத்திருந்த கலைப்பொருட்களைப் பறிமுதல் செய்தது, மதிப்பு சுமார் 20,000 பவுண்டு. திருப்பிக் கொடுக்கச் சொல்லி ரோமில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அவர் காசில் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கொடுக்கல் வாங்கலில் அவர் சுத்தமில்லை. சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் ‘அதமாஸின் வெறி’ என்ற பெரிய பளிங்குச் சிலையை 600 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டு, செலவு கட்டாமல் நஷ்டப்பட்டார். அது இன்று இக்வொர்த்தில் இருக்கிறது.

அதே ஆண்டு பிரிட்டனுக்குத் தகவல் அனுப்புகிறார் என்ற சந்தேகத்தில் ஃபெராரா பக்கம் பிடித்து, மிலான் கோட்டையில் சுமார் ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள்.

ஐரோப்பாவில் உள்ள பிரிஸ்டல் ஹோட்டல்கள் எல்லாம் இவர் பெயரா?

இவர் எங்கே போனாலும் நல்ல விடுதியில் தாராளமாகச் செலவு செய்ததால், ‘பிரிஸ்டல் பிரபு தங்கிய இடம்’ என்று பெயர் பரவியது என்பார்கள். ஆனால் பல ஹோட்டல்கள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டப்பட்டவை, ஒன்றைப் பார்த்து ஒன்று பெயர் வைத்தவை. அவர் படுத்த கட்டில் இங்கே இருக்கிறது என்று எந்த ஹோட்டல் சொன்னாலும் கட்டிடம் எந்த ஆண்டில் எழுந்தது என்று முதலில் பாருங்கள்.

எப்படி இறந்தார்?

கடைசி மாதங்களில் அவரை ரோமில் பார்த்த கேத்தரின் வில்மட் என்ற ஐரிஷ் பெண் எழுதியிருக்கிறார்: சிறிய உருவம், கூரிய முகம், தலையில் பொன் குஞ்சம் தொங்கும் ஊதா வெல்வெட் இரவுத் தொப்பி, அதே நிறக் காலுறை, தோளில் பட்டு அங்கி, இந்தக் கோலத்தில் குதிரைச் சவாரி. நேரில் கண்டவர் அந்த ஆண்டே எழுதியது, அதனால் நம்பலாம்.

1803 ஜூலையில் அல்பானோவிலிருந்து ரோமுக்குப் போகும் வழியில் வயிற்றில் வாதநோய் முற்றி விழுந்தார். ஒரு குடியானவர் வீட்டுக் கொட்டகையில் உயிர் போயிற்று. மதத்துக்குப் புறம்பான பிஷப் என்று வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்பது அன்று முதல் சொல்லப்படுவது. கப்பலில் பிணம் ஏற்ற மாலுமிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், பழங்காலச் சிலை என்று பெட்டியில் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியதாகவும் சொல்வார்கள். வாழ்நாள் முழுதும் அவர் அனுப்பிய பெட்டிகளில் இதுவும் ஒன்றாகப் போயிற்று. இக்வொர்த் தேவாலயத்தில் அடக்கம். அயர்லாந்துச் சொத்துகளை மகனுக்கு எழுதவில்லை, உறவினர் ஹென்றி ஹார்வி புரூஸுக்கு எழுதியிருந்தார். அவர் ஃபிரைட்ஸ்வைடின் சகோதரர்.

கடற்கொள்ளையராக இருந்த பிஷப் இவர்தானா?

அல்ல. அது லான்சலட் பிளாக்பர்ன், 1724 முதல் 1743 வரை இங்கிலாந்தில் யார்க்கின் ஆர்ச்பிஷப் (பிஷப்புகளுக்கு மேலான பதவி). 1681-இல் கரீபியன் தீவான ஆன்டிகுவாவுக்கு அரசின் ரகசிய வேலையாகப் போக 20 பவுண்டு பெற்ற குறிப்பு ஒன்று இருக்கிறது. கொள்ளைக் கப்பல் கதை அதிலிருந்து ஊதிப் பெருத்தது. நூற்றாண்டும் சபையும் ஒன்று என்பதால் இருவரையும் குழப்பிவிடுகிறார்கள்.

ஹார்வி பற்றி ஒரு கதை கேட்டால் எப்படிச் சோதிப்பது?

முதலில், எழுதியவர் அப்போது அங்கே இருந்தாரா என்று பாருங்கள். இரண்டாவது, எந்த ஆண்டு எழுதினார். 1803-க்குப் பிறகு என்றால் எச்சரிக்கை. மூன்றாவது, எழுதியவர் எந்தக் கட்சி. சார்ல்மான்ட் அவருடைய அரசியல் எதிரி, மன்னர் கத்தோலிக்க உரிமைக்கு எதிரி. நான்காவது, அதே கதை வேறு பிஷப் பெயரிலும் சுற்றுகிறதா. ஐந்தாவது, அந்த நாளில் ஹார்வி எந்த ஊரில் இருந்தார் என்று அவருடைய கடிதத் தேதிகளோடு ஒப்பிடுங்கள். 1792-க்குப் பிறகு டவுன்ஹில் விருந்தில் நடந்ததாகச் சொல்லும் எந்தக் கதையும் இந்த ஐந்தாவது சோதனையிலேயே விழுந்துவிடும்.

அந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

டவுன்ஹில், இக்வொர்த் இரண்டும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளன. டவுன்ஹில்லுக்குப் பெல்ஃபாஸ்ட்–டெர்ரி ரயிலில் காஸில்ராக் நிலையத்தில் இறங்க வேண்டும். மேற்கே ஏறத்தாழ ஒரு மைல். மாளிகையின் இடிபாட்டைத் தாண்டிப் புல்வெளியில் நடந்தால் கோயில். பாறை அரித்துக்கொண்டே வந்ததில், முன்பு சுற்றிலும் வண்டி ஓட்டும் அளவுக்கு இடம் இருந்த மண்டபம் இன்று விளிம்பிலேயே நிற்கிறது. 1997-இல் பாறையைக் கட்டி நிறுத்தும் வேலை நடந்தது. காற்று அடிக்கும் நாளில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இக்வொர்த், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரிலிருந்து மூன்று மைல். உள்ளே எலிசபெத் விஜே லெ பிரன் 1790-இல் தீட்டிய ஹார்வியின் உருவப்படம் இருக்கிறது, பின்னால் வெசூவியஸ். தோட்டத்தில் உள்ள உயரமான கல்தூணைத் தவறவிடாதீர்கள். 1817-இல் டெர்ரி மக்கள் பணம் சேர்த்து நட்டது. பணம் கொடுத்தவர்களில் டெர்ரியின் கத்தோலிக்க பிஷப்பும் பிரெஸ்பிடீரியன் போதகரும் உண்டு. கல்லில் அது எழுதியிருக்கிறது.